கோட்டைக்குள் ஒரு கச்சேரி

களுவாஞ்சிக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஐம்பது வயதைக் கடந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். புளியந்தீவுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, ஒரு தடவையேனும் போய்வந்த கதை அவர்களிடம் இருக்கும். காணிப் பெர்மிற்றுக்காகப் போனவர்கள், ஓய்வூதியம் தேடிப் போனவர்கள், வெள்ள நிவாரணம் கேட்டுப் போனவர்கள், காணாமற்போன மகனைப் பற்றிய மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன தாய்மார் என்று எல்லோரும் ஏறி இறங்கிய படிகள் அவை. அந்த ஊர்கள் அடங்கிய எருவில்பற்றின் பாட்டன்மார் மாட்டுவண்டியிலும் தோணியிலும் போனார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் மட்டும் மாறவில்லை. அது களப்பின் நடுவே, நான்கு கொத்தளங்களுக்குள் அடங்கிய ஒரு பழைய கட்டடம்.

அந்தக் கச்சேரிக்கு மனு எதுவும் கொண்டுபோகாமல், கட்டடத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு தடவை போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாவட்டச் செயலகத்துக்கெனத் திராய்மடுவில் புதிய கட்டடத் தொகுதி எழுந்த பிறகு அந்த ஆசை அவசரமாக மாறியது. அலுவலகம் எழுந்து போன பின்பு ஒரு பழைய கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டில் பல இடங்களில் பார்த்தாயிற்று. மட்டக்களப்பிலும் அது நடந்துவிடக்கூடாது.

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தால் மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 30 கி.மீ. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இரண்டுக்கும் நடுவே மெலிந்து நீளும் மணல் திட்டில்தான் எழுவான்கரை ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. களப்பு 56 கி.மீ. நீளமுடையது. அதன் அக்கரையில் வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் அங்கே போய்விடலாம். குருமண்வெளித் துறையில் ஏறினால் மண்டூர் முருகனிடம் போகலாம். நெல் அக்கரையில் விளைந்தது, வயற்சொந்தக்காரரான போடியார்மாரின் வீடு இக்கரையில் நின்றது. அந்த நெல்லின் கணக்கைக் கேட்ட அரசாங்கம் புளியந்தீவில் இருந்தது. இந்த மூன்று புள்ளிகளையும் இணைத்துப் பார்த்தால்தான் ஒரு கச்சேரி ஏன் இவ்வளவு பேருடைய வாழ்க்கைக்குள் வந்தது என்பது விளங்கும்.

பஸ் களுதாவளையைத் தாண்டும்போது வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரியும். அடுத்துத் தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி. காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வழி நெடுக, புதிய மாடிவீடுகளுக்கு இடையில், ஓடு போட்ட பழைய கல்வீடு ஒன்று இங்கும் அங்குமாகத் தலைகாட்டும். உயர்ந்த அத்திவாரம், முன்னால் தூண் வைத்த விறாந்தை, மரச்சட்டமிட்ட யன்னல், பூசாந்து உரிந்த சுவர். சிலவற்றில் பலகை தொங்கும். ஒன்றில் சட்டத்தரணியின் பெயர், இன்னொன்றில் தனியார் வகுப்பு, வேறொன்றில் அடகு பிடிக்கும் கடை. விக்ரோறியா காலத்து வீடு கந்தோராக மாறுவது நம் வீதியோரத்தில் நாளாந்தம் நடப்பதுதான். நல்ல முறையில் மாறுகிறதா என்பதே கேள்வி.

கல்லடியில் இப்போது இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரை வைத்தார்கள். 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதை உடைத்து இரும்பாக விற்காமல் விட்டது நல்ல முடிவு. அதனால் இன்று மாலையில் அதன்மேல் ஊர்மக்கள் காற்று வாங்குகிறார்கள். இதன் அடியில்தான் பாடும் மீன். காலனியச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து அந்த ஒலியைக் கேட்டு எழுதியதால் உலகம் அதை அறிந்தது. பாலத்தைத் தாண்டி அரசடி வழியாகப் போய், கோட்டைமுனைப் பாலத்தால் இறங்கினால் புளியந்தீவு.

புளியந்தீவு சிறிய தீவு. நடந்தே சுற்றிவிடலாம். 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளி இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இங்கேதான். பள்ளி, கோயில், தேவாலயம், நீதிமன்றம், தபால் கந்தோர் எல்லாவற்றையும் பிரித்தானியர் இந்தத் தீவுக்குள் அடுக்கிவைத்தார்கள். காரணம் எளிது. அவர்களுக்கு முன்னமே அதிகாரம் இங்கேதான் குடியிருந்தது.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன், 1602 மே மாத இறுதியில், ஒல்லாந்து மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் கரையிறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்திருந்தான். கண்டியின் துறைமுகமாக ஒல்லாந்தர் கண்களுக்குத் தெரிந்த இடத்தை அடைத்துவிடவே போர்த்துக்கேயர் இங்கே மதில் எழுப்பினார்கள். அது பத்தாண்டுகூட நிம்மதியாக நிற்கவில்லை. 1638 மே 18ஆம் தேதி ஒல்லாந்துத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட், இரண்டாம் இராஜசிங்கனின் படையோடு சேர்ந்து கோட்டையைப் பிடித்தான். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதல் கோட்டை இதுதான். ஐந்து நாட்களில் இங்கேயே உடன்படிக்கையும் எழுதினார்கள். இலங்கையின் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் கதையைத் தீர்மானித்த அந்தப் பத்திரம் எழுதப்பட்டது கொழும்பிலோ காலியிலோ அல்ல, நம் மட்டக்களப்பில். 1795இல் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனது.

வாசலில் ஒல்லாந்துக் கம்பனியின் சின்னம் இன்றும் இருக்கிறது. இரண்டு பக்கம் களப்பு, இரண்டு பக்கம் அகழி. மதிலின்மேல் ஏறி நின்றால் நீர்ப்பரப்பின் அகலம் முழுவதும் கண்ணுக்குள் வரும். கோட்டைக்குள் நுழைந்ததும் பீரங்கியைத் தேடுகிறவர்களே அதிகம். எனக்கோ பீரங்கியைவிட உள்ளே இருக்கும் மாடிக் கட்டடமே முக்கியம். தூண் தாங்கிய நீண்ட விறாந்தை, உயர்ந்த கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள். போர்வீரர் தங்கிய இடத்தில் பிரித்தானியர் எழுத்தர்களை உட்காரவைத்தார்கள். கோட்டையின் ஆயுள் நீண்டது அந்த மாற்றத்தினால்தான்.

1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது கிழக்கு மாகாணம் உருவாயிற்று. விக்ரோறியா மகாராணி அரியணை ஏறிய 1837இலிருந்து அவர் இறந்த 1901வரையான காலத்தில்தான் கச்சேரி என்ற நிறுவனம் இங்கே வேரூன்றியது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இறக்காமம் போன்ற இப்பிரதேசத்துப் பழைய குளங்கள் திருத்தப்பட்டு, கைவிடப்பட்ட நிலம் வயலாயிற்று. இந்த மாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பேர்ச் பின்னர் மலாயாவுக்கு மாற்றலாகிப் போய், 1875இல் பேராக்கில் கொல்லப்பட்டார். மலேசியத் தமிழர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் தெரிந்த அந்தப் பெயர் நம் குளங்களின் கதையிலும் இருக்கிறது.

குளம் திருத்தினால் வயல் கூடும். வயல் கூடினால் வரி கூடும். வரி கூடினால் ஏடு கூடும். நெல்வரியை ஒழிக்கும் சட்டம் 1892இல் வரும்வரை, எருவிலிலும் போரதீவிலும் விளைந்த நெல்லின் கணக்கு வன்னியனார், உடையார் என்ற ஊர் அதிகாரிகள் வழியாகக் கச்சேரி ஏட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஏடுகளை வைக்கத் தண்ணீர் ஏறாத தரையும், கறையான் அரிக்காத அலுமாரியும், வெக்கை தாங்கும் கூரையும் வேண்டியிருந்தன. விக்ரோறியா காலத்து அரச கட்டடத்தின் வடிவம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. அழகு அதன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. முதலியார் எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய நூலைப் படிப்பவருக்கு இந்த நிருவாகத்தின் விரிவு தெரியும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் அதே நிலத்தை நம் பக்கத்திலிருந்து பார்த்தன.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை, கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் மனிதர்கள் இந்தக் கோட்டைக்கே வந்தார்கள். 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலகங்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்த பிறகு, களுவாஞ்சிக்குடி மனிதருக்கு முக்கால்வாசிக் காரியங்கள் தம் ஊரிலேயே முடிந்தன. பெரிய காரியங்களுக்கு மட்டும் கோட்டைக்குப் போனார்கள்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். வெப்பமும் மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கும் இந்தக் கரையில் சுண்ணாம்புச் சுவர் எப்படி ஒன்றரை, இரண்டு நூற்றாண்டு நின்றது? முதல் காரணம் சாந்து. முருகைக்கல்லையோ சிப்பியையோ சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, பலநாள் புளிக்கவிட்டு, மணலோடு குழைத்தார்கள். சில இடங்களில் கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டியும் சேர்த்தார்கள். இந்தச் சாந்து ஒரே நாளில் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாக மாறுகிறது. அதனால் நிலம் சற்று அமுங்கினாலும் சுவர் வெடிக்காமல் நெகிழ்ந்து கொடுக்கும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியே வெளியேறி ஆவியாகும். இரண்டாம் காரணம் மரம். மட்டக்களப்புக் காட்டின் முதிரையும் பாலையும் வளையாகவும் நிலையாகவும் போயின. மூன்றாம் காரணம் கூரை. முதலில் பீலி ஓடு, பிறகு மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலை அந்த ஓட்டைக் கடல் கடந்து பரப்பியது. பழைய வீட்டில் ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பினால் அடியில் ஆலையின் பெயர் அச்சாக இருக்கும்.

எருவில் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்சுவரை அன்றைய பயணத்தில் கிட்ட நின்று பார்த்தேன். மேலே சுண்ணாம்புப் பூச்சு மங்கிப்போய், ஆனால் உறுதியாக இருந்தது. கீழே இரண்டடி உயரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். அந்தச் சீமெந்துக்குச் சரியாக ஒரு சாண் மேலே சுவர் நனைந்து கறுத்திருந்தது. சீமெந்தைத் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தது. ஓரத்தில் விரலை வைத்தபோது ஒரு தகடு கழன்று விழுந்தது. அதன் பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்த உப்புக்குப் பின்னால் கல்லே மாவாகியிருந்தது. பக்கத்தில் நின்ற வயதான மேசன் ஒருவர் அந்த மாவைக் கையில் எடுத்து உதிர்த்துக் காட்டினார்.

"தம்பி, ஈரம் கீழே இருந்து ஏறும். சுண்ணாம்பு எண்டா அது வெளியே போயிடும். சீமெந்து போட்டா வழி இல்லை. மறுகா உப்பு உள்ளுக்கையே நிண்டு கல்லைத் திண்டு போடும்."

"அப்ப என்ன ஐயா செய்யிற?"

"இதைக் கொத்தி எடுக்க வேணும். சுவரைக் காயவிட வேணும். ஒரு கோடை முழுக்க. பொறுமை உள்ளவனுக்குத்தான் பழைய வீடு."

எந்தப் பொறியியல் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. யோசப் அஸ்ப்டின் 1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போட்லண்ட் சீமெந்து நல்ல பொருள். புதிய கட்டடத்துக்கு அது வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது ஆகாது. திருத்துகிறோம் என்று நல்லெண்ணத்தோடு பூசும் சீமெந்தால்தான் நம் ஊர்களில் பழைய வீடுகள் மிக வேகமாகச் சாகின்றன.

இயற்கையும் கருணை காட்டவில்லை. 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவில் அடித்த சூறாவளியை இக்கரை மனிதர் இன்னும் மறக்கவில்லை. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. ஓடு போன வீடுகள் பலவற்றுக்குச் சீற் போட்டார்கள். ஓட்டின் கீழ் குளிர்ந்திருந்த அறை சீற்றின் கீழ் வெந்தது. சிலர் கூரையை இறக்கினார்கள், விறாந்தையை அடைத்தார்கள். வீட்டின் முகமே மாறிப்போனது. பிறகு மூன்று தசாப்த யுத்தம். வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு, நாட்டைவிட்டுப் போனவர்களின் வீடுகளில் மரம் முளைத்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. கல்லடியில் கடலோரத்துத் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்தே போனது. இத்தனைக்குப் பிறகும் புளியந்தீவுக் கோட்டைக்குள் கட்டடம் நின்றதற்கு என்ன காரணம்? அதற்குள் தினமும் காலையில் கதவு திறந்தார்கள். ஒழுக்கு விழுந்த அன்றைக்கே ஒருவர் கோப்பைத் தூக்கி வேறு மேசையில் வைத்துவிட்டுக் கூரைக்கு ஆள் அனுப்பினார். பயன்படுத்தியதே பாதுகாப்பாயிற்று.

இதற்கு எதிர்ப்புறச் சாட்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1829இல் அங்கே வந்து, 1867இல் இறக்கும்வரை அந்த மண்ணை ஆண்ட பேர்சிவல் அக்லண்ட் டைக் உண்டாக்கிய பழைய பூங்காவையும் அதனருகே இருந்த பழைய கச்சேரியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். யுத்தத்தில் சிதைந்த கச்சேரி கூரையில்லாத சுவர்களாக நெடுங்காலம் வெயிலில் நின்றது. புதிய செயலகம் பக்கத்திலேயே எழுந்தது. பழையதற்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலையில்லாத கட்டடத்துக்குப் பாதீட்டில் பணம் ஒதுக்க யாரும் முன்வருவதில்லை.

நல்ல சாட்சி சென்னையில் இருக்கிறது. மெரினாக் கடற்கரையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகம் 1839இல் ஃபிரீமேசன்களின் கூடமாகக் கட்டப்பட்டது. முதல் காவல்துறைத் தலைவரான வில்லியம் ராபின்சன் 1865இல் அதை மாதம் 90 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தார். 1874இல் காவல்துறை அதை 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டது. 1990களில் அதை இடித்துப் பல மாடிக் கட்டடம் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. மரபுச் சின்னங்களில் அக்கறை கொண்டவர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். இறுதியில் இடிப்பைக் கைவிட்டுப் புதுப்பித்தார்கள். இன்றும் அது காவல்துறையின் தலைமையகம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே அலுவலகம் ஒரே கட்டடத்தில். கட்டடமும் பிழைத்தது, அலுவலகத்துக்கும் குறை இல்லை.

இதை உலகம் ஏற்றுக்கொண்ட கொள்கையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1964இல் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர்கள் வகுத்த சாசனத்தின் ஐந்தாம் உறுப்பு, நினைவுச் சின்னத்தைச் சமூகத்துக்குப் பயனுள்ள காரியத்துக்குப் பயன்படுத்துவது அதன் பாதுகாப்புக்கு உதவும் என்கிறது. அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்ற எல்லையையும் போடுகிறது. அந்தச் சாசனத்தின் வழியில் உருவான ஐக்கோமொஸ் என்ற உலக அமைப்புக்கு 1990 முதல் 1999 வரை தலைவராக இருந்தவர் இலங்கையரான ரோலன்ட் சில்வா. காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. அதற்குள் வீடுகள் சட்டத்தரணிகளின் அலுவலகங்களாக, தங்குவிடுதிகளாக, கடைகளாக மாறி உயிரோடு இருக்கின்றன. கொழும்பில் ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலை 2011இல் திருத்தப்பட்டுக் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. அறிவும் ஆட்களும் நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கிழக்குக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகமாக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சுவரைக் குடைந்து மின்கம்பி பதிக்காமல் மேலே குழாயில் கொண்டுபோகலாம். அறையைப் பிரிக்கக் கல் வைக்காமல், நாளைக்குக் கழற்றக்கூடிய மரத்தடுப்பு வைக்கலாம். குளிரூட்டியின் நீர் சுவரில் வழியாமல் பார்க்கவேண்டும். கழிவறையைப் பழைய சுவருக்குள் திணிக்காமல் பின்முற்றத்தில் தனியே கட்டவேண்டும். மாடியின் மரத்தளத்தில் இரும்பு அலுமாரிகளை அடுக்கக்கூடாது. இன்றைக்குச் செய்வதை நாளைக்கு ஒருவர் சேதமில்லாமல் மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தொடங்குமுன் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தால் போதும்.

சட்டத்தின் பக்கம் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இன் 9ஆம் இலக்கம். பழங்காலச் சின்னம் என்பதற்கு அது போட்ட எல்லை 1815 மார்ச் 2ஆம் தேதி. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் சட்டத்தின் வரையறைக்குள் தானாக வரும். அதற்குப் பிந்தியதை அமைச்சர் தனியே அறிவித்தால்தான் காவல் கிடைக்கும். ஆகவே ஒல்லாந்தர் எழுப்பிய மதிலுக்குக் காவல் உண்டு. விக்ரோறியா காலத்தில் எருவில்பற்றில் ஒரு போடியார் கட்டிய வீட்டுக்கு இல்லை. அதை நாளைக் காலையில் இடித்தாலும் கேட்பார் இல்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கிழக்கில் தொல்பொருள் என்ற பேச்சு வந்தாலே மக்களுக்கு அச்சம் வருகிறது. காணி போய்விடுமோ, கோயில் போய்விடுமோ என்ற அச்சம். 2020இல் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்தக் காயம் ஆறாத வரையில், வீட்டுக்காரர் தம் வீட்டின் வயதை வெளியே சொல்லத் தயங்குவார். அதனால் இந்த வேலையை ஊரே தொடங்கவேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஊருக்கு ஊர் பழைய வீடுகளை அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவுசெய்ய அவற்றின் மாணவர்களால் முடியும். வீடு வீட்டுக்காரருடையதாகவே இருக்கும். பதிவு ஊருடையதாக இருக்கும்.

மட்டக்களப்பு வீட்டுக்கு ஒரு சிறப்பும் உண்டு. இங்கே வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகிறது. மணமுடித்த மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறான். தாய்வழிக் குடி முறையையும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எனவே நம் ஊர்ப் பழைய வீட்டின் காணி உறுதியைப் புரட்டினால், தாயிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து பேத்திக்கு என்று பெண்களின் பெயர்களே வரிசையாக வரும். ஒரு விறாந்தையைக் காப்பாற்றுவது அந்தப் பெண்களின் வரலாற்றையும் காப்பாற்றுவதாகும். கோட்டையின் வரலாற்றில் தளபதிகளும் அதிபர்களும் இருக்கிறார்கள். வீட்டின் வரலாற்றில் நம் அம்மாவும் அம்மம்மாவும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாவட்டத்தின் வரலாறு.

புளியந்தீவுக் கோட்டைக்கு நான் கேட்பது இதுதான். செயலகம் போன பிறகு அதைப் பூட்டி வைக்காதீர்கள். நுழைவுச்சீட்டு விற்கும் வெறும் காட்சியிடமாகவும் ஆக்கிவிடாதீர்கள். ஒரு பகுதியில் மாவட்டத்தின் ஆவணக் காப்பகம் இருக்கட்டும். பழைய காணி ஏடுகளும் வரைபடங்களும் இருந்த இடத்திலேயே மக்கள் வந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். இன்னொரு பகுதியில் சுண்ணாம்பு நீற்றவும் பூசவும் மரம் இணைக்கவும் மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் பயிற்சி நடக்கட்டும். தினமும் கதவு திறக்கும் வேலை ஏதாவது ஒன்று அங்கே நடக்கவேண்டும்.

களுவாஞ்சிக்குடிக்கும் எருவில்பற்றுக்கும் நான் கேட்பது அதைவிடச் சிறியது. நூறு வயது கண்ட வீடு உங்கள் குடும்பத்தில் இருந்தால், முதலில் கூரையைப் பாருங்கள். உடைந்த ஓட்டை மழைக்கு முன் மாற்றுங்கள். சுவரில் இனிச் சீமெந்து பூசாதீர்கள். வாடகைக்கு விடுவதானால் விறாந்தையை அடைக்கக்கூடாது, நிலைகளைக் கழற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காணியை விற்குமுன் வீட்டை அளந்து வரைய ஒரு மாணவருக்கு அனுமதி கொடுங்கள். கதவைத் திறந்து வையுங்கள், யாரையாவது குடியிருத்துங்கள், ஒரு கந்தோராவது நடக்கட்டும். ஆள் புழங்கும் வீட்டைக் காப்பாற்றலாம். பூட்டிய வீட்டை யாராலும் காப்பாற்ற முடியாது.